ரங்கூன் மாடி வீட்டில் ஆமை வளர்க்க

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குட்டி வாங்காதீர்கள். மீன்கடைக் கண்ணாடித் தொட்டியில் பச்சைப் பசேலென்று, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்டு, உள்ளங்கையில் நாலு உட்காரும் அளவில் நீந்திக்கொண்டிருக்குமே, அதைத்தான் சொல்கிறேன். "இது இவ்வளவுதான் வளரும்" என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். அப்படி ஒரு ஜாதியே கிடையாது. அது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. சிவப்புக் காது ஆமை என்பார்கள். பொட்டையாக இருந்தால் ஓடு மட்டும் 25 செ.மீ. வரை வரும், சிலது அதையும் தாண்டும். ஆண் கொஞ்சம் சின்னது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 30 வருஷம் இருக்கும். இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆசைப்பட்டது என்று வாங்கினால், அந்தப் பிள்ளையின் பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போகும்போதும் அது தொட்டிக்குள் இருக்கும்.

நான் ரங்கூனில் தாம்வே பகுதியில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை. வீட்டில் ஆமைத் தொட்டி இருப்பது தெரிந்து, "அக்கா, இதையும் நீங்களே வச்சுக்கோங்க" என்று வாளியில் ஆமையோடு படியேறி வருகிறவர்கள் உண்டு. எல்லாம் மீன்கடையில் குட்டியாக வாங்கி, சோற்றுத் தட்டு அளவுக்கு வளர்ந்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள். உங்களுக்கு ஆமை வேண்டுமென்றால் இப்படி ஒன்றை விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். காசு செலவில்லை. பிழைக்குமா பிழைக்காதா என்ற பயமும் இல்லை, பிஞ்சிலே சாகிறதெல்லாம் செத்து மிஞ்சியதுதானே அது. ஆணா பொட்டையா என்றும் பார்த்தவுடன் தெரியும். ஆணுக்கு முன்கால் நகம் நீளமாக இருக்கும், வால் தடித்து நீண்டிருக்கும். குட்டியில் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மாடி வீட்டுக்கு ஆண்தான் சரி. ஏன் என்று முட்டை விஷயம் வரும்போது சொல்கிறேன்.

ஆற்றிலும் வயலிலும் பிடித்த நாட்டு ஆமையை யாராவது கூடையில் வைத்து விற்றால் தொடவே வேண்டாம். "பாவம், நாம வாங்கினா உயிராவது பிழைக்கும்" என்று மனசு சொல்லும். அவன் கூடை காலியானால் நாளைக்கு இன்னும் நாலு பிடிப்பான். இந்த நாட்டு ஆமைகளில் பாதிக்கு மேல் வேறெங்கும் இல்லாதது, அல்லது அழிகிற நிலையில் இருப்பது. கீழ் பர்மாவின் கண்புள்ளி ஆமையை வெளிநாட்டுக்கு விற்கக்கூடாது என்று சர்வதேச ஒப்பந்தமே இருக்கிறது. பர்மியக் கூரை ஆமை அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2000களின் தொடக்கத்தில்தான் மாந்தலேயில் ஒரு பேயா (புத்தர் கோவில்) குளத்தில் சிலது உயிரோடு இருப்பது தெரிந்தது. சிந்த்வின் என்ற ஆற்றின் மணல் திட்டில் அது இடும் முட்டைகளைக் காவல் காத்து எடுத்துப் பொரிக்கவைத்து, மாந்தலே யாதனாபோன் மிருகக்காட்சிசாலையில் குட்டிகளை வளர்த்துத்தான் அந்த இனத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 2018-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பிராணியை வைத்திருந்தால் சிறை என்று இருக்கிறது. எது எந்த ஜாதி என்று நமக்கு அடையாளம் தெரியாது. ஆகவே கன்னத்தில் சிவப்புக் கோடு இருந்தால் மட்டும் வீட்டுக்குள் வரட்டும்.

வீட்டுக்குள் என்றதும் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், தெரியும். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது. என் அம்மா இன்றைக்கும் சொல்கிறது. பெருமாளே ஆமையாக அவதாரம் எடுத்தாரே என்று கேட்டால், "அவர் கடல்ல எடுத்தார், என் வீட்டு பால்கனியில எடுக்கல" என்று பதில் வரும். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவோ ஆமை இருந்தால் ஆயுசு என்று வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். உங்கள் வீட்டில் மறுப்பு இருந்தால் அதை முதலிலேயே பேசித் தீர்த்துவிடுங்கள். பிறகு ஒளித்து வைக்கிற பிராணி இல்லை இது. நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆமையை வாங்கும் முன் பத்து நிமிஷம் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்து, தெளிவாக இருக்கவேண்டும். இமை வீங்கி மூடியிருந்தால் வெறும் காய்ந்த இறாலையே போட்டு வளர்த்திருக்கிறார்கள், ஏ வைட்டமின் இல்லை என்று அர்த்தம். மூக்கில் நீர்க்குமிழி இருக்கக்கூடாது. தண்ணீரில் விட்டால் சமமாக மிதக்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து மிதந்தால் நுரையீரலில் சளி. பின்கால் ஒன்றை மெல்ல இழுத்தால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும். வயிற்றுப் பக்கத்து ஓட்டைத் திருப்பி முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை வந்தால் ஓட்டில் புண். கையில் தூக்கினால் அளவுக்குத் தகுந்த கனம் இருக்கவேண்டும். ஓட்டில் பெயிண்ட் அடித்துப் பூ வரைந்து விற்பதும் உண்டு. அதைக் கண்டால் கடையை விட்டே வந்துவிடுவேன்.

இனி தொட்டி. ஓட்டின் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 10 கேலன் தண்ணீர், அதாவது 38 லிட்டர் என்பது பொதுவான கணக்கு. 8 அங்குல ஆமைக்கு 300 லிட்டர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ, நம் கணக்கில் 180 வீசைக்கு மேல். ரங்கூன் பழைய கட்டிடங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில், கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்து கிடக்கும் இடத்தில், அவ்வளவு பாரத்தை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்களும் வைக்காதீர்கள். வீட்டுக்குள் சுவர் ஓரமாக, தூண் பக்கமாக வையுங்கள். கண்ணாடித் தொட்டி வேண்டாம். துணி துவைக்கிற அகலமான கெட்டி பிளாஸ்டிக் டப்பே போதும், உடையாது, விலையும் குறைவு, இரண்டு பேர் பிடித்து நகர்த்தலாம். ஆண் ஆமைக்கு இது சமாளிக்கும், ஆனால் தண்ணீர் அந்தக் கணக்கைவிடக் குறைவு என்பதால் அடிக்கடி மாற்றவேண்டும்.

தண்ணீரின் ஆழம் ஆமையின் அகலத்தைவிடக் கூடுதலாக இருக்கட்டும். மல்லாந்து விழுந்தால் அதற்குள் புரண்டு நிமிரத் தண்ணீர் வேண்டும், ஆழம் குறைந்த இடத்தில்தான் மூழ்கிச் சாகும். அடியில் சின்னக் கூழாங்கல் போடாதீர்கள். விழுங்கிவிடும், குடல் அடைத்துக்கொள்ளும். அழகு பார்க்கிற ஆசையை வேறு எதிலாவது காட்டிக்கொள்ளலாம், ஆமைத் தொட்டிக்கு வெறும் அடிதான் நல்லது. ஒரு பக்கம் சிமெண்ட் கல் அடுக்கி, அதன்மேல் கூரை ஓடு ஒன்றைச் சரிவாகச் சாய்த்தால் ஏறி உட்கார இடம். உட்காரும் இடம் முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும், உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் ஆமை காயவேண்டும். அந்த மேட்டிலிருந்து டப்பின் விளிம்பு ஒரு முழம் உயரமாவது இருக்கட்டும். ஆமை ஏறாது என்று நினைப்பவர்கள் அது ஏறிப் பார்த்ததில்லை. நாலாவது மாடியிலிருந்து விழுந்தால் ஓடு பிளந்துவிடும். மேலே கம்பி வலை போடுங்கள். ரங்கூன் காக்காய்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கரண்டு. புத்தகத்திலும் வெளிநாட்டு வீடியோவிலும் பார்த்தால் பில்டர், ஹீட்டர், வெயில் விளக்கு, யூ.வி. விளக்கு என்று நாலு பிளக்கு சொருகச் சொல்வார்கள். இங்கே கரண்டு முறை வைத்து வருகிறது, முறை தப்பியும் வருகிறது. பில்டர் பல மணி நேரம் நின்றால் அதற்குள் தண்ணீரைச் சுத்தம் செய்கிற நுண்ணுயிர் காற்றில்லாமல் செத்துப்போகும். கரண்டு வந்ததும் பில்டர் ஓடத் தொடங்கி அந்த அழுக்கையெல்லாம் தொட்டிக்குள் கக்கும். ஆகவே நான் பில்டரை நம்பி வளர்ப்பதில்லை. வைத்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆமை சாகாது. ஹீட்டர் வைத்திருப்பவர்கள் தண்ணீர் மாற்றும் முன் மறக்காமல் பிளக்கைப் பிடுங்கவேண்டும். தண்ணீர் இறைத்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தால் கண்ணாடிக் குழாய் காற்றில் சுட்டு வெடிக்கும்.

பில்டருக்குப் பதில் இரண்டு வேலை. ஒன்று, தீனியைத் தொட்டியில் போடாமல் தனியாக ஒரு வாளியில் ஆமையை விட்டுக் கொடுங்கள். அரை மணி நேரம் அதிலேயே இருக்கட்டும், தின்றதும் பெரும்பாலும் அங்கேயே கழித்துவிடும். தொட்டித் தண்ணீர் நாறுவதில் பெரும்பங்கு இப்படியே குறைந்துவிடும். இரண்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். மோட்டார் ஓடுகிற நேரத்தில் பெரிய டிரம் ஒன்றில் தண்ணீரைப் பிடித்து ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை போய்விடும். தொட்டியில் இருக்கும் தண்ணீரும் ஊற்றுகிற தண்ணீரும் ஒரே சூடாக இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள்.

அழுக்குத் தண்ணீரை எடுக்க ரப்பர் குழாய் போதும். வாயால் உறிஞ்சாதீர்கள், ஆமைத் தண்ணீரில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கும். குழாயை முழுக்கத் தொட்டிக்குள் அமுக்கி, உள்ளே இருக்கும் காற்றெல்லாம் குமிழி விட்டு வெளியேறியதும், ஒரு முனையைக் கட்டைவிரலால் இறுக அடைத்து வெளியே எடுத்துக் கீழே உள்ள வாளிக்குள் கொண்டுபோய் விரலை எடுங்கள். தானாக இறங்கும். குழாயின் மறுமுனையை அடித்தட்டில் மெல்ல நகர்த்தினால் கசடு மட்டும் வரும். அந்தத் தண்ணீரைப் பூச்செடிக்கு ஊற்றலாம், என் செம்பருத்தி அதில்தான் பூக்கிறது. கீரைக்கும் கொத்தமல்லிக்கும் வேண்டாம்.

விளக்கைவிட வெயில் மேல். ஓடு கெட்டியாகச் சுண்ணாம்பு வேண்டும், சுண்ணாம்பு உடம்பில் சேர டி வைட்டமின் வேண்டும், டி வைட்டமினுக்கு வெயிலில் இருக்கிற யூ.வி. பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தக் கதிர் வராது. கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் பயனில்லை. அதனால் காலையில் ஆமையை ஒரு சிறு பேசினில் கொஞ்சம் தண்ணீரோடு பால்கனிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள், பாதி இடத்தில் நிழல் இருக்கட்டும். காய்கிற இடம் 32 முதல் 35 டிகிரி, தண்ணீர் 24 முதல் 27 டிகிரி என்பது சரியான கணக்கு. சித்திரை மாதத்தில், தின்ஜான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா சமயத்தில், வெயிலில் வைத்த பேசின் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். நிழல் இல்லாமல் மறந்து வைத்தால் ஆமை அங்கேயே வெந்துபோகும். அந்த மாதத்தில் எட்டு மணிக்கு முன்பே வெயில் வேலையை முடித்துவிடுங்கள். மார்கழி தையில் ராத்திரி குளிர் இறங்கும்போது தீனி குறையும், அதற்காகப் பயந்து வாயைத் திறந்து ஊட்டவேண்டாம். தொட்டி வீட்டுக்குள் இருந்தால் அதுவே போதும்.

தீனி சுலபம். சின்ன ஆமைக்கு மீன், புழு, இறால் அதிகம். வளர வளரக் கீரைக்கு மாறும். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் கஜூன் கீரையே (வள்ளைக்கீரை) பெரிய ஆமைக்குத் தினசரிச் சோறு. ஆகாயத்தாமரையும் தின்னும், வேரை முதலில் தின்னும். மருந்தடித்த வயல் ஓரத்தில் பறித்ததாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பசலையைத் தினமும் போடாதீர்கள், அது சுண்ணாம்பை உடம்பில் சேரவிடாது. வாரத்தில் இரண்டு தடவை சின்ன ஆற்றுமீனை முள்ளோடு அப்படியே கொடுங்கள். மீன்கடை உருண்டைத் தீனி நடுவில் ஒரு நாள். பூசணிக்காய்த் துண்டும், எப்போதாவது துளி கோழி ஈரலும் கண்ணுக்கு நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். சோறு, ரொட்டி, ங்கப்பி (பர்மிய மீன் விழுது), உப்புப் போட்ட எதுவும் கூடாது. அளவு என்ன என்று கேட்பார்கள்: மீனோ உருண்டையோ அதன் தலை அளவுக்கு மேல் வேண்டாம், கீரை எவ்வளவும். குட்டிக்குத் தினமும், பெரியதற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள். எந்நேரமும் பசித்த மாதிரி கழுத்தை நீட்டிக் கெஞ்சும். அதை நம்பினால் தொடை இடுக்கில் சதை பிதுங்கி ஓட்டுக்குள் காலை இழுக்க முடியாமல் ஆகிவிடும்.

மழைக்காலம் கஷ்டம். வைகாசியில் பிடித்தால் ஐப்பசி வரை விடாது, நாள் கணக்கில் வெயிலே இருக்காது. மேகம் போட்ட நாளிலும் கொஞ்சம் கதிர் வரும், வெளியே வைப்பதை நிறுத்தாதீர்கள். கரண்டு இருக்கிற நேரத்தில் யூ.வி. பி விளக்கைப் போட்டு உட்காரும் இடத்தைக் காயவையுங்கள். இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கதிர் குறைந்துவிடும். ஈரத்திலேயே கிடந்தால் ஓட்டில் வெள்ளையாக, மெத்தென்று, நாற்றத்தோடு புண் வரும். மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் கலந்த அயோடின் மருந்தைத் தடவி, சில மணி நேரம் உலர்ந்த இடத்தில் விடுங்கள், தினமும். ஆழமாகப் போயிருந்தால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். வாயைத் திறந்து மூச்சு விட்டாலும் அப்படியே. வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றாதீர்கள்.

ஓட்டிலிருந்து கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிய ஏடு உரிந்து வந்தால் அது நோயில்லை, வளர்கிறது. நகத்தால் பிய்க்கவேண்டாம், தானாக விழும். பளபளப்பாக இருக்கட்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுவார்கள். எங்கள் அம்மா எதைக் கண்டாலும் எண்ணெய் தேய்க்கிற ஆள், ஆமைக்கும் கேட்டது. நான் விடவில்லை. ஓட்டின்மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அழுக்கும் கிருமியும் ஒட்டிக்கொள்ளும்.

முட்டைக்கு வருகிறேன். பொட்டை ஆமை ஆணே பார்க்காவிட்டாலும் முட்டை இடும், பொரிக்காத முட்டை. அதற்கு மண் வேண்டும். மண் கிடைக்காவிட்டால் முட்டையை அடக்கிக்கொண்டே இருந்து, உள்ளேயே அழுகிச் செத்துப்போவதும் உண்டு. தீனி தின்னாமல், தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பின்காலால் வெறும் தரையைத் தோண்டத் தொடங்கினால் முட்டைதான். ஒரு பெரிய பேசினில் ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணலும் மண்ணும் கலந்து நிரப்பி அதில் விட்டு, துணியால் மறைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பின்கால் இரண்டையும் மாற்றி மாற்றி விட்டு மண்ணை அள்ளி, மூத்திரம் விட்டு இளக்கி, குடுவை மாதிரி குழி பறிக்கும். முட்டை ஒவ்வொன்றாக விழும்போது பின்காலால் அதைத் தாங்கி இறக்கும். எல்லாம் முடிந்து மண்ணைத் தள்ளி, வயிற்றால் அழுத்தி மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். நான் இதைப் பார்த்தது ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் ஊரில், என் தங்கை வீட்டு முற்றத்தில். எனக்கு வந்து சேர்கிற பொட்டைகளையெல்லாம் அங்கே தரையில் கட்டிய சிமெண்ட் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறேன். முற்றம் இல்லாதவர்கள் ஆண் ஆமையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆமையைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். சமையலறைத் தொட்டியில் ஆமைச் சாமானைக் கழுவக்கூடாது. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்க 1975-இலேயே தடை போட்டார்கள், சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைத்து வயிற்றுப்போக்கில் விழுந்ததால். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டுக்கு, கர்ப்பிணி இருக்கிற வீட்டுக்கு ஆமை இப்போது வேண்டாம்.

வளர்க்க முடியவில்லை என்றால் கசோன் (பர்மிய மாதம், நம் வைகாசி) பௌர்ணமிக்குப் புண்ணியம் என்று இன்யா ஏரியிலோ, போத்ததாங் பேயா குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். சிவப்புக் காது ஆமை முரட்டு ஆமை. வெயில் காய்கிற இடத்தையும் தீனியையும் பிடுங்கிக்கொண்டு நாட்டு ஆமையைத் துரத்திவிடும். உலகத்தில் மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. ஐரோப்பாவில் 1997-லேயே இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். குளத்தில் விடுகிற நேரத்துக்குத் தெரிந்தவர்கள் நாலு பேரிடம் சொல்லி வையுங்கள், முற்றம் உள்ளவர் ஒருவர் கிடைப்பார்.

ஊருக்குப் போவது பற்றியும் கேட்கிறார்கள். பீலிக்கான் கோவில் திருவிழாவுக்கு மூன்று நாள் போவதென்றால் ஒன்றும் செய்யவேண்டாம், கிளம்பும் அன்று தண்ணீரை மாற்றிவிட்டுப் போங்கள், வளர்ந்த ஆமை ஒரு வாரம்கூடப் பட்டினி தாங்கும். தமிழ்நாட்டுக்கு ஒரு மாதம் கோவில் கோவிலாகப் போகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது, தீனியை நாள் கணக்குக்குப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். மொத்தமாக டப்பாவைக் கொடுத்தால் பாவம் பார்த்து அள்ளிப் போடுவார்கள், தண்ணீர் இரண்டே நாளில் கறுத்துவிடும். குழாயை எப்படிப் பிடிப்பது என்று அவர்கள் கையாலேயே ஒரு தடவை செய்து பார்க்கவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.